பாறைக்கரையில் ஓர் ஆய்வுக்கூடம்: போர்க்கால ராடார் குழுவின் இடப்பெயர்ச்சிகள்

தோற்றுவாய்

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலருக்கு வரலாறு தழுவிய கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் கேட்டார்கள். கல்வெட்டோ செப்பேடோ சார்ந்த ஒன்றை அவர்கள் எதிர்பார்த்திருக்கக் கூடும். நான் எடுத்துக்கொண்ட பொருள், இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தின் தென்கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் ஈராண்டுக் காலம் தங்கிப் பணியாற்றிய ராடார் ஆய்வுக் குழுவின் கதையாகும். தமிழாசிரியைக்கும் ராடாருக்கும் என்ன தொடர்பு என்ற வினா எழுவது இயல்பே.

பத்தாண்டுகளில் நம் வட்டம் நான்கு இடங்களில் கூடியிருக்கிறது. முதலில் ஒரு பள்ளியின் வகுப்பறை. அடுத்து உறுப்பினர் ஒருவர் வீட்டு மொட்டைமாடி. பின்னர் நூலகத்தின் வாசிப்பறை. இப்போது ஒரு திருமண மண்டபத்தின் உணவுக்கூடம். ஒவ்வொரு மாற்றத்திலும் சிலரை இழந்தோம், சிலரைப் பெற்றோம். மொட்டைமாடிக் காலத்தில் பிறந்த கவிதைகளே நம் தொகுப்புகளில் மிகுதி என்பதை அன்பர்கள் நினைவுகூர்வர். ஓர் அறிவுக் கூட்டத்துக்கும் அது கூடியிருக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு யாது? நிலத்தை முதற்பொருளாக வைத்து இலக்கணம் செய்த மொழியைக் கற்பிப்பவள் என்ற முறையில், இவ்வினாவுக்கு விடை தேடியே அக்கதைக்குச் சென்றேன்.

வேறொரு காரணமும் உண்டு. 1942 ஏப்ரலில் சப்பானியர் படையெடுப்பு அச்சத்தால் சென்னையை விட்டு மக்கள் பெருந்திரளாக வெளியேறினர். என் பாட்டி கைக்குழந்தையோடு எழும்பூரில் இரயிலேறித் தஞ்சைப் பக்கம் போனவர். துளசி மாடத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் போயிற்றே என்று பல்லாண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த மாதமே, நான் எழுதப்போகும் ஆய்வுக் குழுவும் தன் கடற்கரையை விட்டு இரவோடிரவாகக் கிளம்பியது. இரண்டு பெயர்ச்சிகளையும் தூண்டியது ஒரே போர். ஒரே வகை அச்சம்.

அலையும் குழூஉக்குறியும்

ராடாரின் அடிப்படை எளிது. குறுகிய கால அளவே நீடிக்கும் வானொலி அலைத் துடிப்பு ஒன்றை அனுப்புகிறோம். வழியில் விமானமோ கப்பலோ எதிர்ப்பட்டால் அலையின் ஒரு சிறு பகுதி பட்டுத் திரும்புகிறது. போய்வந்த நேரத்தைக் கணித்தால் தொலைவு கிடைத்துவிடும். அலையின் வேகம் நொடிக்கு மூன்று இலட்சம் கி.மீ. ஆகையால், 150 கி.மீ. தொலைவிலுள்ள விமானத்தின் எதிரொலி நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் வந்துசேரும். கிணற்றில் கல்லெறிந்து ஆழம் கணிக்கும் சிறுவனின் செயலும் இதுவே, கருவிதான் வேறு.

ராடார் என்னும் சொல் அமெரிக்கக் கடற்படையினர் 1940-இல் ஆக்கிய முதலெழுத்துத் தொகுப்பு. ஆங்கில எழுத்தில் அதனை இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றே. போன வழியே திரும்பும் அலைக்குப் போன வழியே திரும்பும் சொல் வாய்த்தது தற்செயலா, ஆக்கியோரின் குறும்பா என்பது இருக்கட்டும். திருஞானசம்பந்தரின் திருமாலைமாற்றைப் பாடம் சொல்லும் நமக்கு அது இனிய ஒற்றுமை.

ஆங்கிலேயர் இதே கலைக்கு வேறு பெயர் வைத்திருந்தனர். திசை காணும் வானொலி என்று பொருள்படும் அப்பெயர், தொலைவு காணும் ஆற்றலை வேண்டுமென்றே மறைத்தது. ஆய்வகத்தின் பெயரும் அவ்வாறே மாறிமாறி வந்தது. விமான அமைச்சக ஆய்வகம் என இருந்தது, 1940 நவம்பர் முதல் ‘தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனம்’ ஆயிற்று. தொலைபேசிக் கம்பி பழுது பார்க்கும் அலுவலகம் என்று வெளியார் எண்ணிக்கொள்ளட்டும் என்பதே அப்பெயரின் பயன். ஒரு கூட்டத்தார் தமக்குள் பொருள் விளங்குமாறும் பிறருக்கு விளங்காதவாறும் வழங்கும் சொல்லை நன்னூலார் குழூஉக்குறி என்பார். பொற்கொல்லரும் யானைப் பாகரும் வழங்கியதை எடுத்துக்காட்டாகப் படித்த நமக்கு, ஓர் அரசே குழூஉக்குறியில் பேசிய காலம் அது என்று சொன்னால் போதும்.

தொடக்கம் 1935 பிப்ரவரி 26. நார்தாம்ப்டன்ஷயர் வயல்வெளி ஒன்றில், ஒரு வண்டிக்குள் வைத்த கருவியோடு இராபர்ட் வாட்சன் வாட்டும் அர்னால்டு வில்கின்சும் காத்திருந்தனர். டேவன்ட்ரியிலிருந்த பி.பி.சி. நிலையத்தின் அலைகள் ஒரு ஹேஃபோர்டு குண்டுவீச்சு விமானத்தில் பட்டுத் திரும்புவதை அவர்கள் கண்டனர். அதே ஆண்டு மே மாதத்தில் ஒரு சிறு குழு சஃபோக் கடற்கரையின் கூழாங்கல் திட்டான ஆர்ஃபோர்ட் நெஸ்ஸுக்குச் சென்றது. 1936-இல் அருகிலிருந்த பாட்ஸி மாளிகையை அரசு 24,000 பவுனுக்கு வாங்கியது. கோபுரமும் தோட்டமும் கடற்காட்சியும் கொண்ட அம்மாளிகையில்தான், போரின் தொடக்கத்தில் இங்கிலாந்தைக் காத்த கரையோர ராடார் சங்கிலி உருவாயிற்று. 1938-இல் அதன் பொறுப்பு ஏ.பி. ரோ என்பவரிடம் வந்தது.

பாட்ஸி எதிரிக்கு நேர்முகமான கீழைக் கடற்கரையில் இருந்தது. எனவே போர் மூண்டதும் குழு அங்கிருந்து அகற்றப்பட வேண்டும் என்பது முன்னரே முடிவாகியிருந்தது. 1939 செப்டம்பரில் போர் மூண்டது, குழு கிளம்பியது.

பொருந்தாத இரண்டு இடங்கள்

முதலில் சென்ற இடம் ஸ்காட்லாந்தின் டண்டி நகரம். வாட்சன் வாட் இளமையில் பயின்ற கல்லூரி அங்கே இருந்தது. போர் வந்தால் இடம் தர வேண்டும் என்று கல்லூரித் தலைவரிடம் முன்னரே பேசியிருந்ததாக ஏற்பாடு. குழு வந்து இறங்கியபோது, தலைவருக்கோ எப்போதோ நடந்த ஒரு பேச்சு மங்கலாகத்தான் நினைவிலிருந்தது. கல்லூரி திறக்கும் காலம். மாணவர் வரத் தொடங்கிவிட்டனர். நாட்டின் உயிர்நிலையான மறைபொருளைச் சுமந்து வந்தவர்களுக்குக் கிடைத்தவை ஒன்றிரண்டு அறைகளே. வாய்ச்சொல்லை நம்பி மண்டபம் பதிவு செய்யாமல் விழா நடத்தப் போன அனுபவம் நமக்கும் உண்டு. ஆகவே நகைக்க வேண்டியதில்லை.

விமானத்துக்குள் பொருத்தும் ராடாரை ஆய்ந்த பிரிவு, பெர்த் அருகிலுள்ள ஒரு சிறு விமானத் திடலுக்குச் சென்றது. அது போதாமற் போகவே, நவம்பரில் தெற்கு வேல்சின் செயின்ட் ஆதன் படைத்தளத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கே அவர்களுக்குத் தரப்பட்டது பெரிய விமானக் கொட்டகை. 1939–40-ஆம் ஆண்டுக் குளிர் கடுமையானது. விமானங்கள் வரப்போக வாயிற்கதவுகள் திறந்தே இருக்கும். நுண்கருவிகளைக் கையாள வேண்டிய விரல்கள் விறைத்துப்போயின. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து சேர்ந்த பெர்னார்ட் லவெல் என்ற இளம் இயற்பியலாளர், அந்நிலையைக் கண்டு மனம் வெதும்பினார். கருவிகளை விமானங்களில் பொருத்தித் தள்ளுவதே முதன்மையாகி, ஆய்வு என்பது பெயரளவில் நின்றது.

இவ்விரு தோல்விகளையும் ஒருங்கே வைத்துக் காண வேண்டும். டண்டியில் கல்விச் சூழல் இருந்தது. பணிக்கேற்ற இடம் இல்லை. செயின்ட் ஆதனில் இடமும் விமானமும் இருந்தன. சிந்திக்கும் சூழல் இல்லை. குழுவும் இரண்டாகப் பிளந்து, ஒரு சாரார் கண்டதை மற்றவர் அறிய நெடுந்தொலைவு கடக்க வேண்டியிருந்தது.

பர்பெக் நிலம்

1940 மே மாதத் தொடக்கத்தில் பிரிந்த குழுக்கள் டார்செட் மாவட்டத்தின் தென்கோடியில் ஒன்று சேர்ந்தன. இடத்தின் பெயர் பர்பெக் தீவு; உண்மையில் அது தீவன்று, தீபகற்பம். அங்கே கடலை நோக்கிய மேட்டில் அமைந்த கற்சிற்றூர் வொர்த் மட்ராவர்ஸ். தேவாலயங்களின் தூண்களுக்கும் தளங்களுக்கும் கல் வெட்டித் தந்து வாழ்ந்த ஊர்ப்பகுதி அது. ஊரின் மதுவிடுதிக்கே ‘மூலைமட்டமும் கவராயமும்’ என்று பொருள்படும் கல்தச்சர் பெயர். ஊரின் தேவாலய முற்றத்தில் பெஞ்சமின் ஜெஸ்டி என்ற உழவரின் கல்லறை உள்ளது. ஜென்னருக்கு இருபதாண்டுகளுக்கு மேல் முன்னதாக, 1774-இல், தம் மனைவிக்கும் இரு மகன்களுக்கும் பசு அம்மைப்பால் குத்தி வைசூரியினின்று காத்தவர் அவர். புது அறிவின் வரலாற்றில் அச்சிற்றூருக்கு முன்பே ஓர் இடம் இருந்தது எனலாம். அருகிலுள்ள கடற்கரை நகரம் ஸ்வானேஜ். தாமஸ் ஹார்டி 1875–76-இல் தங்கி ஒரு புதினத்தை எழுதி முடித்த நகரம்.

ஊருக்குத் தெற்கே செயின்ட் ஆல்டெல்ம் முனை. கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கு மேல் செங்குத்தாக எழும் பாறை. உச்சியில் நார்மானியர் காலத்துச் சதுரச் சிற்றாலயம் ஒன்று தனித்து நிற்கிறது. ராடார் ஆய்வுக்கு இந்நிலம் ஏன் உகந்தது என்பதைச் சிறிது விளக்க வேண்டும். வானொலி அலை பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வது. கருவி எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு தொலைவுக்குக் கடற்பரப்பு அதற்குப் புலனாகும். தாழப் பறக்கும் விமானமும் தப்பாது. மேலும் முன்னே கட்டடமோ மரமோ இல்லாமையால், வேண்டாத எதிரொலிகள் வந்து குழப்புவதும் குறைவு. நம் கடலோரத்துக் கலங்கரை விளக்கத்தை மேட்டில் நிறுத்திய அறிவே இங்கும் செயற்பட்டது. வேறுபாடு ஒன்றே: கலங்கரை விளக்கம் பிறர் தன்னைக் காண ஒளிர்வது, இதுவோ தான் காணப்படாமல் பிறரைக் காண நின்றது.

அவ்விடத்தைத் தேர்ந்தபோது எதிர்க்கரை பிரான்சு, நட்பு நாடு. குழு வந்து இறங்கிய சில நாள்களில், மே 10 அன்று செர்மானியப் படை மேற்கு நோக்கிப் பாய்ந்தது. ஜூன் 22-இல் பிரான்சு போர்நிறுத்த உடன்படிக்கையில் ஒப்பமிட்டது. பாதுகாப்பை நாடிக் கீழைக் கடற்கரையை விட்டு வந்தவர்கள், நூறு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த நீர்ப்பரப்புக்கு அப்பால் எதிரியை வைத்துக்கொண்டு வேலை செய்யலாயினர். திட்டமிட்டோரின் அறிவைப் பழிப்பதற்கில்லை. நிலம் மாறவில்லை, அதன் பொருள் ஆறு வாரத்தில் மாறிவிட்டது.

தகரத் தகடு ஏந்திய மிதிவண்டி

பழைய கரையோரச் சங்கிலி பத்து மீட்டருக்கு மேற்பட்ட அலைநீளத்தில் இயங்கியது. அதற்கு 360 அடி உயர எஃகுக் கோபுரங்கள் தேவைப்பட்டன. அலைநீளம் குறுகினால்தான் சிறிய ஏரியலிலிருந்து ஒடுங்கிய கற்றையைச் செலுத்த இயலும். விமானத்தின் மூக்குக்குள் அடங்கும் கருவி செய்ய இயலும். ஆனால் குறுகிய அலையை வலிமையோடு பிறப்பிக்கும் கருவி இல்லை. 1940 பிப்ரவரி 21 அன்று பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டல், ஹாரி பூட் என்ற இருவர் அதனைச் செய்து காட்டினர். துளைகள் குடைந்த செப்புக் கட்டை ஒன்றினுள் மின்னணுக்களைச் சுழலவிட்டு, ஏறத்தாழ 10 செ.மீ. அலையைப் பெற்றனர். மேக்னெட்ரான் என்ற அக்கருவி ஜூலை மாதத்தில் வொர்த் மட்ராவர்சுக்கு வந்து சேர்ந்தது.

பிலிப் டீ என்பவர் தலைமையில் ஒரு சிறு பிரிவு அதனைக் கையிலெடுத்தது. லவெல் அப்பிரிவில் இருந்தார். நரம்பின் மின்துடிப்பை ஆராய்ந்து, பின்னாளில் 1963-இல் நோபல் பரிசு பெற்ற உடலியலாளர் ஆலன் ஹாட்ஜ்கினும் இருந்தார். ஆகஸ்ட் 12 அன்று கரையோரம் பறந்த விமானம் ஒன்றின் எதிரொலி கிடைத்தது. மறுநாள் நிகழ்ந்ததே எனக்கு இக்கதையில் மிகவும் உவப்பான பகுதி. குழுவின் இளையவரான ரெஜ் பாட் என்பவரிடம் ஒரு தகரத் தகட்டைக் கொடுத்து, பாறை விளிம்பையொட்டி மிதிவண்டியில் போகச் சொன்னார்கள். தரையின் எதிரொலியில் அவ்வளவு தாழ்ந்த பொருள் மறைந்துபோகும் என்பதே அன்றுவரை இருந்த எண்ணம். திரையிலோ மிதிவண்டியின் எதிரொலி தெளிவாகத் தெரிந்தது. தாழப் பறக்கும் விமானத்தையும், கடலலைகளுக்கிடையே தலைநீட்டும் நீர்மூழ்கிக் கப்பலையும் இனிக் காணலாம் என்பது அந்தத் தகரத் தகட்டால் உறுதியாயிற்று.

நவம்பரில் ஸ்வானேஜ் கரையின் பெவெரில் முனையிலிருந்து ‘அஸ்க்’ என்ற ஆங்கிலேய நீர்மூழ்கிக் கப்பலைச் சோதனைக்காகப் பின்தொடர்ந்து கண்டனர். அதன் பயனாக உருவான கடற்படைக் கருவி 1941 மார்ச்சில் கப்பலேறியது. அட்லாண்டிக் கடலில் உணவுக் கப்பல்களைக் காத்ததில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. அமெரிக்காவுக்கும் மேக்னெட்ரான் ஒன்று 1940 இலையுதிர் காலத்திலேயே ஒரு பெட்டியில் சென்றுவிட்டது.

இதற்கெல்லாம் பொருட்செலவு மிக்க கூடங்கள் தேவைப்படவில்லை. பாறைக்கரை, மரக்கொட்டகை, மிதிவண்டி, தகரம். வசதி குறைந்த இடமே சிறந்தது என்று இதனாற் கொள்ளுதல் பிழை. செயின்ட் ஆதனிலும் வசதி இல்லைதான். இங்கே நிலம் ஆய்வுக்கு இசைந்தது, பிரிந்தோர் ஒன்றுகூடினர், கண்டதை அன்றே எதிரிலிருப்பவரிடம் சொல்ல முடிந்தது. இம்மூன்றும் ஒருங்கே வாய்த்தமையே வேறுபாடு.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

ரோ அவர்கள் அறிவியல் மேதையாகப் பெயர் பெற்றவர் அல்லர்; கண்டிப்பான நிர்வாகி. அவர் தோற்றுவித்த ஒரு வழக்கம் குழுவின் வெற்றிக்குப் பெருங்காரணமாகப் போற்றப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரது அறையில் கூட்டம் நடக்கும். விமானப்படைத் தளபதிகள், அமைச்சக அதிகாரிகள், நேற்று வானிலிருந்து இறங்கிய விமானிகள், பட்டம் பெற்று ஓராண்டு கூட ஆகாத ஆய்வாளர்கள் என யாவரும் ஒரே அறையில் அமர்வர். பதவி நோக்காமல் எவரும் எதனையும் சொல்லலாம். ‘ஞாயிற்றுக்கிழமை சோவியத்துகள்’ என்று வேடிக்கையாக அழைக்கப்பட்ட இக்கூட்டங்களில், படைவீரர் தம் இடர்ப்பாட்டைச் சொல்ல ஆய்வாளர் தீர்வு தேடினர். ஆய்வாளர் கருவியைச் சொல்ல வீரர் அதன் குறையைச் சுட்டினர். நாடு முழுவதும் வாய்மூடிப் பேசிய காலத்தில், கதவடைத்த ஓர் அறைக்குள் மட்டும் பேச்சு தடையற்றிருந்தது.

நம் வட்டத்தின் முதலாண்டில், மூத்த கவிஞர் ஒருவரின் பாடலில் தளை தட்டுவதை ஓர் இளைஞர் சுட்டிக்காட்டியபோது அவையில் எழுந்த சலசலப்பை மறந்திருக்க மாட்டீர்கள். அக்கவிஞர் எழுந்து ‘தம்பி சொல்வது சரி’ என்று கூறித் திருத்திக்கொண்டார். வட்டம் பிறந்த நாள் பதிவேட்டில் எதுவாக இருப்பினும், உண்மையில் அது பிறந்தது அன்றுதான் என்பது என் கருத்து.

பட்டம் பெறாத பெண்மணி

இக்கதையில் பெண்கள் எங்கே என்று தேடினேன். திரை முன் அமர்ந்து எதிரொலி நோக்கியவர்கள், கம்பி சுற்றியவர்கள், கணக்கிட்டவர்கள் என அங்கே பெண்கள் பலர். ஒருவரைப் பற்றியேனும் சொல்லியாக வேண்டும்.

ஜோன் கர்ரன் 1916-இல் ஸ்வான்சீயில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் நியூனம் கல்லூரியில் இயற்பியல் படித்துத் தேறினார். தேர்வில் வென்றும் முழுப்பட்டம் பெற இயலவில்லை; 1948 வரை அப்பல்கலைக்கழகம் பெண்களுக்கு அதனை வழங்கவில்லை. கணவர் சாமுவேல் கர்ரனோடு இவரும் இவ்வாய்வகத்தில் சேர்ந்து, எதிரியின் ராடாரைக் குழப்பும் வழிகளை ஆராய்ந்த பிரிவில் பணியாற்றினார். 1942-இல் இவர் செய்து காட்டியது வியப்பூட்டும் எளிமை உடையது. எதிரியின் அலைநீளத்துக்கு ஏற்ற அளவில் வெட்டிய உலோகத்தாள் துண்டுகளை வானிலிருந்து கொத்துக்கொத்தாக உதிர்த்தால், அவை மெல்ல இறங்கும் நேரமெல்லாம் எதிரியின் திரையில் விமானங்களைப் போலவே தோன்றும். ‘சன்னல்’ என்பது அதற்கிட்ட குழூஉக்குறி.

அம்முறையை எதிரியும் திருப்பிக் கையாளக் கூடும் என்ற அச்சத்தால் ஓராண்டுக்கு மேல் அடக்கி வைத்திருந்தனர். 1943 ஜூலை 24 இரவு ஹாம்பர்க் நகரின் மீது முதன்முதலாகத் தூவினர். செர்மானிய ராடார்கள் குருடாயின. விமானிகள் பலர் உயிர் பிழைத்தனர். தொடர்ந்த தாக்குதல்களில் அந்நகரம் தீப்புயலில் எரிந்தது, பல்லாயிரவர் மாண்டனர். 1944 ஜூனில் நார்மண்டிப் படையிறக்கத்தின்போது, வராத கப்பற்படையொன்று வருவதுபோல் எதிரியை ஏமாற்றியதும் இதே தாள்கள்தாம். சாமுவேல் கர்ரன் 1953-இல் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். ஜோன் அம்மையாருக்கு அப்பேறு வாய்க்கவில்லை. அவர் 1999-இல் மறைந்தார். அவரைப் போற்றுவதா, ஹாம்பர்க் தாய்மாருக்காக வருந்துவதா என்று கேட்டால், இரண்டையும் செய்ய வேண்டும் என்பதே என் விடை.

முழுநிலவுக்கு முன்

1942 பிப்ரவரி 27 இரவு, பிரான்சின் லெ ஹாவ்ர் அருகே ப்ரூன்வால் என்ற கடற்கரையில் ஆங்கிலேய வான்குடை வீரர்கள் இறங்கினர். பாறைமேல் நின்ற ‘வூர்ட்ஸ்பர்க்’ என்ற செர்மானிய ராடாரின் உறுப்புகளைக் கழற்றிக்கொண்டு படகேறித் திரும்பினர். தலைமை தாங்கியவர் மேஜர் ஜான் ஃப்ராஸ்ட். பகுதி பகுதியாகக் கழற்றியவர் காக்ஸ் என்ற ராடார் வல்லுநர்.

வெற்றியின் மறுநாளே ஓர் ஐயம் எழுந்தது. பாறைக்கரை ராடாரை நாம் கவர்ந்தது போல அவர்களும் வந்து கவர்ந்தால்? நம் ஆய்வாளர் அனைவரும் அதே போன்ற பாறைக்கரையில்தானே இருக்கின்றனர்? செர்பூர்ப் பக்கம் செர்மானிய வான்குடைப் படை வந்திருப்பதாகச் செய்தி பரவியது. அடுத்த முழுநிலவுக்கு முன் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று ஆணை பிறந்தது. படையிறக்கத்துக்கு நிலவொளி தேவை. ஆகவே நிலவே கெடு குறித்தது. நிலவைக் காதலர்க்கு மட்டுமே உரியதாக எழுதி வரும் நம் இளங்கவிஞர்கள் இதனைக் கருத வேண்டுகிறேன்.

1942 மே இறுதியில் வண்டித்தொடர்கள் புறப்பட்டன. சில நூறு பேராக வந்த குழு அதற்குள் ஆயிரத்தைக் கடந்திருந்தது. சேருமிடம், உள்நாட்டில் மலையடிவாரத்தில் அமைந்த மால்வெர்ன் நகரின் புகழ்பெற்ற ஆண்கள் பள்ளி. அப்பள்ளி 1939-லேயே ஒருமுறை அரசால் வெளியேற்றப்பட்டு பிளென்ஹெய்ம் அரண்மனையில் ஓராண்டு நடந்து திரும்பியது. இப்போது மீண்டும் கிளம்பி ஹாரோ பள்ளியில் ஒதுங்கியது. சொந்த இடம் திரும்ப 1946 ஆயிற்று. பர்பெக்கிலும் ஆய்வகம் விரிந்த போதெல்லாம் லீசன் மாளிகை, டர்ல்ஸ்டன் கோர்ட் எனப் பள்ளிக் கட்டடங்களே எடுத்துக்கொள்ளப்பட்டன. தேர்தலுக்கும் வெள்ளத்துக்கும் பள்ளிக்கூடத்தையே முதலில் கேட்கும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று என்று ஓர் ஆசிரியை இங்கே குறித்துக்கொள்ளலாம்.

மால்வெர்னில் இறங்கிய சில நாள்களிலேயே பேரிடி விழுந்தது. இருளிலும் முகிலிலும் தரையைத் திரையில் காட்டும் கருவியொன்றை லவெலின் பிரிவு செய்துகொண்டிருந்தது. அதனைச் சோதிக்க எழுந்த ஹாலிஃபாக்ஸ் விமானம் 1942 ஜூன் 7 அன்று வேல்சு எல்லையருகே வீழ்ந்து எரிந்தது. பதினொருவர் இறந்தனர். மின்னணுவியலின் அருமேதை ஆலன் புளூம்லைனும், லவெலின் உடன்பணியாளரான இளைஞர் ஜெஃப்ரி ஹென்ஸ்பியும் அவர்களுள் அடங்குவர். லவெல் முதல்நாள் அதே கருவியோடு பறந்தவர். எதிரி அறியலாகாது என்பதால் அச்சாவுகள் அப்போது வெளிப்படையாக அறிவிக்கப்படவில்லை. இரங்கற்பாவுக்கும் இடமில்லாத மறைவு. கருவி நிறைவேறி 1943 சனவரி 30 இரவு முதன்முதலாகப் பயன்பட்டது. அன்றும் இலக்கு ஹாம்பர்க்.

பாட்ஸியில் இவர்கள் செய்தது காவற்கருவி. பர்பெக்கில் தொடங்கி மால்வெர்னில் முடித்தவற்றுள் பல, எரிக்கும் கருவிகள். இடம் பெயர்ந்தபோது நோக்கமும் மெல்லப் பெயர்ந்தது. குண்டுவீச்சிலிருந்து மக்களைக் காக்கப் புறப்பட்டவர்கள், ஏழாண்டுக்குள் பிற மக்கள் மீது குண்டுவீசத் துணைநின்றனர். நாசிசத்தை எதிர்த்த போரில் வேறு வழி இருந்ததா என்ற வாதம் இன்றும் முடியவில்லை. நானும் இங்கே அதற்குத் தீர்ப்புக் கூற வரவில்லை. மறைக்காமல் சொல்லுதல் வரலாறு எழுதுவோர் கடன்.

அதே கலை நம்மவரைக் காத்ததையும் மறைக்கலாகாது. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பு தாக்கப்பட்டபோது உரிய வேளையில் எச்சரிக்கை கிட்டவில்லை. ஏப்ரல் 9 அன்று திருகோணமலையை நோக்கி வந்த சப்பானிய விமானங்களை அங்கிருந்த ராடார் நிலையம் முன்னதாகவே கண்டு சொல்லியது. பாட்ஸியில் தொடங்கிய அறிவின் ஒரு கிளை, கோணேசர் கோயில் கொண்ட மலைக்கு அருகே காவல் நின்றது.

நிறைவுரை

போர் முடிந்ததும் இவர்களிற் பலர் அக்கலையை வேறு திசையில் திருப்பினர். லவெல் 1945-இல் படையினர் கழித்த ராடார் கருவிகளை ஜோட்ரெல் பாங்க் வயலுக்குக் கொண்டுபோய் வானத்தின் எதிரொலி தேடினார். 1957-இல் அங்கே மாபெரும் வானொலித் தொலைநோக்கி எழுந்தது. இக்குழுவில் பணியாற்றிய மார்ட்டின் ரைல் வானொலி வானியலுக்காக 1974-இல் நோபல் பரிசு பெற்றார். பின்னாளில் அணு ஆயுதத்துக்கு எதிராக ஓயாமல் குரல் கொடுத்தார். பகைவரைத் தேடிய செவிகள் விண்மீன்களைக் கேட்கலாயின.

வொர்த் மட்ராவர்சின் கொட்டகைகளும் கோபுரங்களும் மறைந்தன. செயின்ட் ஆல்டெல்ம் முனையில் 2001-இல் எழுப்பிய நினைவுச்சின்னத்தை முதியவரான லவெல் வந்து திறந்து வைத்தார். அவர் 2012-இல் காலமானார்.

அங்கிருந்து மேற்கே சில கல் தொலைவில் டைனம் என்ற ஊர் இருந்தது. 1943 திசம்பரில், கிறித்துமசுக்குச் சற்று முன்னர், படைப்பயிற்சிக்காக ஊரார் இருநூற்றுவருக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளை அன்போடு பேணுமாறும், ஒருநாள் திரும்பி வருவோம் என்றும் எழுதித் தேவாலயக் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். போர் முடிந்தது, 1948-இல் நிலம் அரசுடைமையாயிற்று. அவர்கள் திரும்பவே இல்லை. கூரையற்ற சுவர்கள் நிற்கின்றன. அறிஞர் குழுவின் பெயர்ச்சிக்கு நினைவுச்சின்னமும் நூல்களும் உண்டு. டைனம் மக்களுக்கு எஞ்சியது அந்தக் கதவுத் தாளின் செய்திதான்.

நெய்தல் நிலத்துக்கு நம் முன்னோர் வகுத்த உரிப்பொருள் இரங்கல். கரையில் நின்று, போனவர் திரும்புவரா என்று கடலை நோக்கியிருக்கும் உள்ளம் அது. அனுப்பிய அலை திரும்புமா எனத் திரை முன் காத்திருந்த இளைஞருக்கும், ஊர் திரும்புவோமா எனக் காத்திருந்த டைனம் மக்களுக்கும், துளசி மாடத்தை எண்ணிய என் பாட்டிக்கும் அவ்வுரிப்பொருள் பொதுவானது. அலை திரும்பியது, ஊரார் திரும்பவில்லை. பாட்டி 1943-இல் திரும்பி வந்தார். துளசி பட்டுப்போயிருந்தது, மாடத்தில் புதிதாக ஒன்றை நட்டார்.

நம் வட்டம் ஐந்தாம் இடத்துக்கும் மாற நேரலாம். மண்டபம் எதுவாயினும், ‘தம்பி சொல்வது சரி’ என்று மூத்தோர் சொல்லும் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பண்பை உடன் எடுத்துச் செல்வோம். போகும் இடத்தில், நமக்காக எழுந்து வழிவிட்டவர் யார் என்றும் ஒருமுறை கேட்டுக்கொள்வோம்.